எடையதிகாரம்: உடையார்பாளையத்து வீட்டில் தூக்குவதற்கு உரிய பொருள் எது?

தொல்காப்பியம் அகப்பாட்டின் உள்ளீட்டை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, மரம், விலங்கு, பறை, தொழில் ஆகியவை கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். மூன்றில் ஒன்றைவிட அடுத்தது சிறந்தது என்ற வரிசையையும் அதுவே தருகிறது. ஆக, உரிதான் தலையாயது. வீட்டில் ஜிம் வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பாகுபாடு எனக்குத் தெரிந்து இல்லை. ராட், டம்பெல்ஸ், பெஞ்ச் எல்லாம் கருப்பொருள். வைக்கப்போகும் அறையும் பயிற்சி செய்யப்போகும் நேரமும் முதற்பொருள். யாருக்காக, எதற்காக என்ற கேள்வி உரிப்பொருள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கருவில் தொடங்குகிறார்கள், முதலில் வந்து முட்டிக்கொள்கிறார்கள், உரியை நினைக்காமலே விட்டுவிடுகிறார்கள். சாமான் வாசலில் இறங்கிய பிறகுதான் அது நிலைப்படிக்குள் நுழையாது என்று தெரியவருகிறது.

நிலம் சொல்லாமல் பொருள் பேசக்கூடாது. உடையார்பாளையத்தை எடுத்துக்கொள்கிறேன். அரியலூர் மாவட்டம், திருச்சியிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், ஜெயங்கொண்டத்துக்கு முன்னால் வரும் பேரூர். ஒரு காலத்தில் பாளையம், பிறகு ஜமீன். இங்கே ஆண்டவர்களின் பட்டம் 'காலாட்கள் தோழ உடையார்'. ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது சங்கீதம். கனம் கிருஷ்ணையர் இங்கே சமஸ்தான வித்துவானாக இருந்தார்; உ.வே. சாமிநாதையரின் தந்தை வேங்கடசுப்பையர் அவரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டார். கனமார்க்கம் என்னும் சங்கீத முறையில் பாட நல்ல தேகபலம் வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சங்கீதக்காரர்களின் கருத்து. தொண்டைக்கும் உடம்பின் வலுதான் ஆதாரம் என்று அறிந்திருந்த ஊர் இது. அங்கே உடற்பயிற்சிப் பேச்சு 'ஜிம் பாடி' என்ற அளவோடு நின்றுபோவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி உரி. ஒரு வீட்டில் இந்தப் பேச்சு எழும்போது ஆசைப்படுவது கல்லூரிக்குப் போகும் மகன்; பணம் போடுவது அப்பா; தேவை இருப்பதோ அம்மாவுக்கு. முப்பதுகளுக்குப் பிறகு தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது, அறுபதுக்கு மேல் வேகம் பிடிக்கிறது. தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் குறைவு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. 1989இல் இர்வின் ரோசன்பர்க் என்ற ஆய்வாளர் இந்தத் தசைத்தேய்வுக்குச் சார்க்கோபீனியா என்று பெயரிட்டார். மறு ஆண்டே, 1990இல், மரியா ஃபியாட்டரோன் குழுவினரின் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்க முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது தொண்ணூறு ஆனவர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். லேசான எடை இல்லை, அவரவரால் முடிந்த அளவுக்குக் கனமான எடை. பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால்வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதில் கூடும் வலு, உடையார்பாளையத்தில் அறுபத்திரண்டு வயதில் கூடாமல் போக ஒரு காரணமும் இல்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பெரியவர்கள் அனைவரும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. நடைப்பயிற்சி அதற்கு மாற்று ஆகாது என்பதால்தான் இதைத் தனியாகச் சொன்னார்கள். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் உறுப்பு தசை. மாத்திரை டப்பா இருக்கும் வீட்டில் எடைக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

தொழிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த ஊரில் பட்டு நெசவு இருக்கிறது. குழித்தறியில் உட்கார்ந்தவரின் உடம்பைக் கவனியுங்கள். இடுப்பு தரை மட்டத்தில், கால்கள் குழிக்குள். பாதம் மாறி மாறி மிதியை அழுத்துகிறது. ஒரு கை கயிற்றைச் சுண்டி நாடாவை ஓட்டுகிறது, மறு கை பலகையை இழுத்து ஊடையை அடிக்கிறது. கண் பாவின் மேல் இருப்பதால் கழுத்து முன்னுக்கு வந்து, தோள் உள்ளுக்கு வளைந்து, முதுகு கூனி நிற்கிறது. விரலும் முன்கையும் நாள் முழுக்க வேலை செய்கின்றன. பிட்டமும் தொடையின் பின்புறமும் சும்மா இருக்கின்றன. தோள்பட்டை எலும்புகளைப் பின்னுக்கு இழுத்துச் சேர்க்கும் தசைகளுக்கு வேலையே இல்லை. ஒரு நெசவாளி கடைக்குப் போய்க் கைப்பிடியை அழுத்தும் ஸ்பிரிங் வாங்கினால், ஏற்கெனவே உழைத்த கைக்கே மேலும் வேலை கொடுக்கிறார். அவருக்கு வேண்டியது இரண்டு அசைவுகள். தரையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பது ஒன்று. ஜிம்மில் இதை டெட்லிஃப்ட் என்பார்கள். குனிந்த நிலையில் பாரத்தை வயிற்றை நோக்கி இழுப்பது மற்றொன்று. இந்த இரண்டையும் எந்தப் பொருளால் செய்ய முடியுமோ அதுதான் நெசவாளி வீட்டின் முதல் கருவி. நாள் முழுக்கக் குனிந்து முந்திரிக்கொட்டை பொறுக்குகிற அக்காவுக்கும், பைக்கில் அரியலூர் சிமெண்ட் ஆலைக்குப் போய்வந்து எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்காரும் தம்பிக்கும் இதே தீர்ப்புதான். நம் காலத்து வேலைகள் எல்லாமே உடம்பை முன்பக்கம் மடக்குகின்றன.

அடுத்து முதற்பொருள். உடையார்பாளையத்து வீடுகளில் பழைய ஓட்டு வீடும் உண்டு, மாடி எடுத்த தார்சு வீடும் உண்டு, இரண்டும் ஒட்டிய வீடும் உண்டு. எட்டுக்குப் பத்து அறை இருந்தால் போதும். ஆனால் அறையின் நீளத்தை ராட்டின் நீளத்தோடு ஒப்பிட்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். பந்தய அளவு ராட் 2.2 மீட்டர், அதாவது ஏழு அடி மூன்று அங்குலத்துக்கு ஒட்டி. எட்டடிச் சுவருக்கு இடையே அதைக் குறுக்கே போட்டால் இரு பக்கமும் பிளேட் மாற்றப் போதுமான இடம் மிஞ்சாது. பத்தடிப் பக்கமாகப் போடுங்கள், இல்லையென்றால் ஐந்தடி ராட் வாங்குங்கள்.

தரைக்கு வருவோம். சிவப்புக் காவி போட்ட பழைய சிமெண்டுத் தரை பெரிய பாரம் தாங்கும். புதுவீட்டு வழவழப்பு டைல்ஸ் தாங்காது. அடியில் கலவை சரியாக நிரம்பாத டைல், தட்டினால் டொக்கென்று சத்தம் கொடுக்கும். பாரம் விழும் நாளில் முதலில் உடைவது அதுதான். விரல் முட்டியால் ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ரப்பர் போடுங்கள். கடையில் விற்கும் கண்ணைப் பறிக்கும் நுரைப்பாய் வேண்டாம். அது அமுங்கும், அமுங்கும் தரையில் நின்று பாரம் எடுத்தால் கணுக்கால் ஆடும். பழைய கன்வேயர் பெல்ட் துண்டு கிடைத்தால் அதைவிட நல்ல தரைவிரிப்பு இல்லை. சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் உள்ள மாவட்டத்தில் அதைப் பழைய இரும்புக் கடைகளில் விசாரித்துப் பார்ப்பது நியாயமான முயற்சி.

தறி ஓடும் வீட்டுக்குத் தனி விதி உண்டு. இதை எந்தக் கருவிப் பட்டியலிலும் நான் கண்டதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இரும்பில் துரு இருக்கும், துருவைத் தடுக்க எண்ணெய் இருக்கும். இரண்டுமே பட்டுக்குப் பகை. ராட்டைப் பிடித்த கையோடு பாவைத் தொட்டால் கறை ஏறும். பட்டில் ஏறிய துருக்கறை லேசில் போகாது. பிடி வழுக்காமல் இருக்கக் கையில் தடவும் வெள்ளைப் பொடி மக்னீசியம் கார்பனேட். அது காற்றில் பறந்து இழைமேல் படியும். ஆகவே தறி இருக்கும் கூடத்தில் எடை வைக்கக் கூடாது. பின்கட்டிலோ தாழ்வாரத்திலோ வையுங்கள். பொடிக்குப் பதில் உலர்ந்த துண்டு போதும். பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தறிக்குப் போங்கள். ரப்பர் பூசிய பிளேட் விலை அதிகம் என்பார்கள். தறி வீட்டுக்கு அந்த அதிக விலை தகும்.

பொழுதைப் பொறுத்தவரை, சித்திரையிலும் வைகாசியிலும் முற்றத்தில் கிடந்த இரும்பை மதியத்துக்கு மேல் தொட முடியாது. விடியற்காலைதான் நேரம். விடியற்காலை என்றால் பக்கத்து வீட்டார் தூங்கும் நேரம். தெருவில் வீடுகள் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கின்றன. எனவே பாரத்தைப் போடக் கூடாது, இறக்க வேண்டும். மெதுவாக இறக்குவதும் தசைக்கு நல்ல வேலை என்பதால் இதில் நஷ்டம் எதுவும் இல்லை.

இப்போது கருப்பொருள். தமிழ்நாட்டில் இதன் வரலாறு கல்லில் தொடங்குகிறது. தென்மாவட்டக் கிராமங்களின் மந்தையிலும் கோயில் வாசலிலும் கிடக்கும் இளவட்டக்கல்லை எல்லாரும் அறிவார்கள். உருண்டு வழவழப்பான கல். பிடிக்க மூலை கிடையாது. குந்தி உட்கார்ந்து, இரு கையாலும் அணைத்து, தொடைமேல் ஏற்றி, நெஞ்சோடு உருட்டி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கமாகப் போட வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் பணகுடிக்குப் பக்கத்து வடலிவிளையில் இன்றும் பொங்கலையொட்டி இதற்குப் போட்டி நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள். கிரேக்கத்து ஒலிம்பியாவில் கிடைத்த 143.5 கிலோ மணற்கல் ஒன்றில், பைபோன் என்பவன் தன்னை ஒற்றைக் கையால் தலைக்குமேல் தூக்கியதாகக் கல்லே சொல்வது போல வெட்டியிருக்கிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டு. தூக்கியவனின் பேர் நிற்க வேண்டும் என்ற ஆசை அங்கே. தூக்கினால்தான் மாப்பிள்ளை என்ற பேச்சு இங்கே. இரண்டிலும் கல் என்பது ஒரு தேர்வு, அதாவது பரீட்சை. படிப்பு வேறு, பரீட்சை வேறு. வீட்டுக்கு வேண்டியது படிப்பு.

ஒற்றைக் கல்லின் குறை இதுதான்: அது வளராது. இன்று 60 கிலோ என்றால் அடுத்த வருடமும் 60 கிலோ. தூக்க முடியாதவருக்கு அது சுவர். தூக்கிவிட்டவருக்கு அது வெறும் கல். வடலிவிளை போன்ற ஊர்களில் பல எடையில் கற்கள் வைத்திருப்பது இதை உணர்ந்துதான். கன்றுக்குட்டியாக இருந்தபோதே தினம் தூக்கத் தொடங்கி, அது காளையான பிறகும் தூக்கினான் என்று கிரேக்க மல்லன் மைலோவைப் பற்றிச் சொல்லும் கதையின் சாரமும் அதுவே. அந்தக் கன்றைத் தட்டாக வார்த்தவர் ஆலன் கால்வெர்ட். 1902இல் பிலடெல்பியாவில் எடை கூட்டிக் குறைக்கும் பார்பெல் செய்து விற்ற அவர், தம் நிறுவனத்துக்கு மைலோ என்றே பெயர் வைத்தார். 1945இல் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட சிப்பாய்களின் முழங்காலைப் படிப்படியாக எடை கூட்டியே தேற்றியதை எழுதி வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க நடக்கும் எடைப்பயிற்சிக்கு அதுவே மருத்துவ அடிப்படை.

ஆகவே கருவித் தேர்வுக்கு என் அளவுகோல் ஒன்றே ஒன்று. தூக்குகிறவரோடு சேர்ந்து அந்தப் பொருளும் ஏற முடியுமா? சின்னப் படியாக ஏறுமா? வீட்டில் மிகவும் வலுக்குறைந்தவரின் எடையில் தொடங்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் வாங்கலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

இந்த அளவுகோலை டம்பெல்ஸ்மேல் வைத்துப் பாருங்கள். ஐந்து கிலோ ஜோடி ஒன்றும் ஏழரைக் கிலோ ஜோடி ஒன்றும் வாங்கினால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஐம்பது விழுக்காடு தாவ வேண்டும். அம்மாவின் தோள் அந்தத் தாவலைத் தாங்காது. அவர் ஐந்திலேயே நின்றுவிடுவார், இரண்டு மாதத்தில் விட்டும்விடுவார். ராட்டில் ஏற்றிய 40 கிலோவில் பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ கூட்டினால் ஏற்றம் ஆறே கால் விழுக்காடுதான். ஒன்றேகால் கிலோ பிளேட் ஜோடி, ஒரு வீட்டு ஜிம்மின் மிக முக்கியமான இரும்பு. அரைக் கிலோ பிளேட் கிடைத்தால் அதையும் விடாதீர்கள். பெண்கள் தலைக்குமேல் தள்ளும் பயிற்சிக்கு அது அவசியம். பெரிய பிளேட்டை வாங்கி அடுக்கி, சின்ன பிளேட்டை மறந்துவிடுகிற வீடுகள்தான் அதிகம்.

ராட் வாங்கும்போது பார்க்க வேண்டியது பிளேட் மாட்டும் முனையின் விட்டம். பந்தய ராட்டில் ஆணுக்கு 20 கிலோ, பெண்ணுக்கு 15 கிலோ. முனை 50 மில்லிமீட்டர். கைப்பிடி ஆணுக்கு 28 மில்லிமீட்டர், பெண்ணுக்கு 25. நம் ஊர்ச் சந்தையில் வீட்டுக்கென்று வருவது பெரும்பாலும் ஓர் அங்குலத் தடிமன் உள்ள சாதா ராட். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஒரு வகையில் தொடங்கினால் அதிலேயே இருக்க வேண்டும்; அண்ணன் தந்த பிளேட்டும் மச்சான் தந்த ராட்டும் சேராமல் கிடப்பதற்கு இதுவே காரணம். பெண்களும் முதியவர்களும் தூக்கப்போகும் வீட்டுக்கு ஓர் அங்குல ராட்டே நான் சொல்வது. வெறும் ராட்டின் எடை குறைவு, பிடி கைக்கு அடங்கும், ஐந்தடியிலும் கிடைக்கும். மகன் நூறு கிலோவைத் தாண்டி எடுக்கத் தொடங்கினால் அப்போது 50 மில்லிமீட்டருக்கு மாறட்டும். அந்த நாள் வந்தால் செலவுக்கு யாரும் வருந்த மாட்டார்கள். வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 149, 179 என்று மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018இல் கோல்ட் கோஸ்டில் மீண்டும் தங்கம். அந்த எடைகளுக்குப் பந்தய ராட் வேண்டும். ஆனால் அவர் கையிலும் எடை ஏறியது இதே படிக்கட்டு வழியாகத்தான்.

பிளேட்டை எடைக்குத்தான் விற்கிறார்கள், கிலோ இவ்வளவு என்று. ஆகவே எடை போட்டு வாங்குவது நம் உரிமை. பந்தய விதிப்படி ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட பிளேட் குறித்த எடையைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு கூடலாம், அரைப் பங்கு குறையலாம். அதாவது 20 கிலோ பிளேட்டில் 20 கிராம் கூடுதல் அல்லது 10 கிராம் குறைவு. சாதா வார்ப்பிரும்பில் அந்த நேர்த்தியை எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒரே ராட்டின் இரு பக்கமும் சமமாக இருந்தாக வேண்டும். ஒரு பக்கம் அரைக் கிலோ கூடினால் முதுகு திருகிக்கொண்டு எழும், மாதக்கணக்கில் தெரியாமலே திருகும். முந்திரிக்கொட்டை வாங்கும் கடையில் முத்திரை போட்ட மின்னணுத் தராசு இருக்கும். ஒவ்வொரு பிளேட்டையும் அதில் வைத்து, வந்த எண்ணைப் பின்புறம் பெயிண்டால் எழுதுங்கள். எழுதிய எண்ணைப் பார்த்து ஜோடி சேருங்கள். அச்சில் வார்த்த எண்ணை நம்ப வேண்டாம்.

காசு குறைவாக இருப்பவர்களுக்கு அரியலூர் மாவட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் இங்கே கடல் இருந்தது. அது விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லால்தான் இவ்வளவு சிமெண்ட் ஆலைகள். பழைய பெயிண்ட் வாளியின் அடிப்பாகத்தை அச்சாக வைத்து, நடுவில் ராட் நுழையும் அளவுக்குக் குழாய்த் துண்டை நிறுத்தி, கான்கிரீட் ஊற்றிப் பிளேட் செய்யலாம். ஏழு நாளாவது ஈரச் சாக்குப் போட்டு நனைக்க வேண்டும். முழுப் பலம் வர இருபத்தெட்டு நாள். நன்றாகக் காய்ந்த பிறகே எடை போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரையும் சேர்த்து எண்ணுவோம். கான்கிரீட்டின் அடர்த்தி வார்ப்பிரும்பில் மூன்றில் ஒன்று என்பதை மறக்கக் கூடாது. அதே எடைக்கு மூன்று மடங்கு பருமன். ராட்டின் முனை சீக்கிரம் நிரம்பிவிடும். பத்துக் கிலோ வரை கான்கிரீட், அதற்கு மேல் இரும்பு. கீழே விழுந்தால் விளிம்பு தெறிக்கும் என்பதால் சைக்கிள் டியூபைச் சுற்றி ஒட்டுவது நல்லது. கடையில் விற்கும் பிளாஸ்டிக் ஓடு போட்ட மலிவு பிளேட்டுகளின் உள்ளேயும் பெரும்பாலும் இதே கலவைதான்.

தண்ணீர் கேனை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு லிட்டர் ஒரு கிலோ. இதைவிட நுணுக்கமாக ஏறும் எடை எந்தக் கடையிலும் கிடையாது. 20 லிட்டர் கேனில் எட்டு லிட்டர் ஊற்றித் தொடங்கும் அம்மா, வாரத்துக்கு அரை லிட்டராகக் கூட்டிக்கொண்டே போகலாம். பாதி நிறைந்த கேனில் தண்ணீர் அலம்பும். அதைச் சமாளிக்கவே வயிற்றுத் தசை இறுகும். இடுப்பில் குடம் சுமந்த தலைமுறைக்கு இந்தப் பிடி புதிது இல்லை. எப்போதும் ஒரே இடுப்பில் வைக்காமல் இரு கையிலும் சமமாகப் பிடித்து நடந்தால் போதும்.

அரிசி மூட்டையும் ஆகும். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு ஐந்து விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. வரி விழாமல் இருக்க ஆலைக்காரர்கள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தார்கள். வரிக்கு ஏற்ப மூட்டை மாறுவது உடையார்பாளையத்துக்குப் பழைய செய்தி. இவ்வூர்ப் பயறணீசுவரர் கோயில் தலபுராணத்தில், மிளகு மூட்டையோடு வந்த வணிகன் சுங்கத்துக்குப் பயந்து பயறு என்று சொல்ல, மிளகு பயறாகவே ஆகிவிட்டது. எடை தூக்குகிறவருக்கு இதில் இரண்டு பயன். மூட்டையின் எடையை எப்போதும் அச்சிட்ட எண்ணில் படித்துவிட்டுத் தூக்குங்கள். தூக்கி முடித்த பிறகு பயறு சாப்பிடுங்கள். நூறு கிராம் பச்சைப்பயறில் சுமார் 24 கிராம் புரதம், அதுவும் ஊர்ச்சாமியின் பெயரிலேயே இருக்கிறது.

கர்லாக்கட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஏறுகிற எடை அல்ல. ஆனால் நெசவாளியின் தோளுக்கு அதற்கு நிகர் வேறு கிடையாது. முதுகுப் பின்னால் சுற்றி வரும் ஒவ்வொரு வட்டமும் உள்ளுக்கு வளைந்த தோளைத் திறக்கிறது. நம் நாட்டிலிருந்து ஆங்கிலேயச் சிப்பாய்கள் கொண்டுபோன இந்தக் கட்டை ஐரோப்பா முழுக்கப் பரவி, 1904 செயின்ட் லூயிஸ், 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் பந்தயமாகவும் இருந்தது. கடைசல் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கலாம். மரத்தின் நார் நீளவாக்கில் ஓட வேண்டும். கழுத்துப் பகுதியில் கணு இருந்தால் அந்த மரமே வேண்டாம். சுற்றும்போது முறிவது அங்கேதான். பிடியின் முடிவில் உள்ள குமிழ் சுண்டுவிரலுக்குத் தட்டுப்பட வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்த கையிலிருந்து கட்டை நழுவிக் கண்ணாடி அலமாரிக்குப் போகும். தொடங்குகிறவருக்கு இரண்டு கிலோவே அதிகம்.

தொங்குவதற்கு ஊஞ்சல் கொக்கி. தார்சு வீட்டுக் கூடத்தில் கம்பியோடு சேர்த்துக் கான்கிரீட்டில் பதித்த கொக்கி, பலகையில் மூன்று பேர் ஆடும் பாரத்துக்குப் போட்டது. அதில் இரண்டு பட்டையும் இரண்டு மரவளையமும் மாட்டினால் இழுக்கும் பயிற்சி முழுவதும் ஆயிற்று. பட்டையை நீளமாக விட்டுச் சாய்ந்து இழுத்தால் அப்பாவுக்கு, குட்டையாக்கித் தொங்கினால் மகனுக்கு. ஓட்டு வீட்டில் சட்டங்களில் எதையும் கட்டக் கூடாது. உத்திரத்தில் மட்டும், அதுவும் தச்சர் ஒருவர் கரையான் பார்த்துச் சொன்ன பிறகு. பெஞ்சுக்குத் திண்ணை இருக்கிறது. ஏறி இறங்கவும், கையூன்றித் தண்டால் எடுக்கவும் அது போதும். தரையில் தண்டால் எடுக்க முடியாத பெரியவர் திண்ணையில் கையூன்றி எடுக்கலாம், பிறகு வாசற்படி, பிறகு தரை. தண்டாலும் பஸ்கியும் காசில்லாத பயிற்சிகள் என்பதற்காக அவற்றைக் கருவிப் பட்டியலில் கடைசியில் வைக்கிறார்கள். உடம்பும் எடைதான்.

மல்டி ஜிம் என்ற பெரிய இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இடத்தை அடைக்கும், அசைவை ஒரே தடத்தில் பூட்டும், கம்பி அறுந்தால் அளவான கம்பிக்கு வெளியூர் அலைய வேண்டும். நாலு குடும்பம் சேர்ந்து நடத்தும் இடத்தில் வைக்கலாம். வீட்டுக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தனியாக இருக்கும் அறையில் மல்லாந்து படுத்து ராட்டை நெஞ்சுக்குமேல் தள்ளும் பயிற்சியைத் தாங்குகட்டை இல்லாமல் செய்யாதீர்கள். கை ஓய்ந்தால் ராட் இறங்கும் இடம் கழுத்து. பெஞ்சுக்கு இரு பக்கமும் இரும்புத் தாங்கி இருக்கும் ஸ்டாண்டு வாங்க முடியாவிட்டால், பெஞ்சே வேண்டாம். தரையில் படுத்துத் தள்ளுங்கள். பெரிய பிளேட் போட்டால் அதன் விளிம்பு தரையில் முட்டி ராட்டை நிறுத்தும். கதவை உள்ளே தாழிடவும் வேண்டாம்.

வாங்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் தண்ணீர் கேன், திண்ணை, ஊஞ்சல் கொக்கிக்கு வளையம். வீட்டில் குறைந்தது இரண்டு பேர் வாரம் இரண்டு நாள் விடாமல் செய்தால், அடுத்து ஐந்தடி ராட்டும் முப்பது கிலோ பிளேட்டும், கட்டாயம் ஒன்றேகால் கிலோ ஜோடியும். அதற்கு அடுத்த பொங்கலுக்கு ஸ்டாண்டு. இதய நோயோ அதிக இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்க வேண்டாம். ராட் வாங்கும் அன்று, பிளேட் நழுவாமல் முனையில் போடும் பூட்டு இரண்டையும் கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் தருவார்கள்.